மூலமும் கடனும்

மாசி மகத்தன்று மரக்காணம் கடற்கரைக்குச் சாமியைத் தீர்த்தவாரிக்குக் கொண்டுபோனபோது, ஊர்வலத்தின் கடைசிக் கட்டத்தில் நாகஸ்வரக்காரர் இங்கிலீஷ் நோட்டு வாசித்தார். பல வருஷங்களுக்கு முந்தைய சம்பவம். ஊர்வலம் உப்பளத்தை ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தது. தவில் துள்ளல் நடைக்கு மாறியதும், அதுவரை வெயிலில் தளர்ந்து வந்த கூட்டத்தின் கால்களில் ஒரு சுறுசுறுப்பு ஏறியது. என் பக்கத்தில் நடந்து வந்தவர் உப்பளத்தில் வேலை செய்யும் பெரியவர். "இதான் சார் எங்க சாமி பாட்டு. சாமி கடலுக்கு எறங்கறப்ப இதத்தான் வாசிக்கணும்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "இது வெள்ளைக்காரன் மெட்டு பெரியவரே, நம்முடையது இல்லை" என்றேன். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு கேட்டார்: "அப்ப இதுக்கு அவங்களுக்கு நாம எதாச்சும் குடுக்கணுமா சார்?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் அவர் கேட்டதில் கிண்டல் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும் தொழிலில், முன்பணம் வாங்கித் தின்று அடுத்த பருவத்தில் உழைத்துக் கழிக்கிறவருக்கு, ஒரு பொருள் இன்னொருவனுடையது என்று சொன்னால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: பாக்கி இருக்கிறது. எனக்கு மூலம் என்பது தகவல். அவருக்கு மூலம் என்பது கடன். அன்று பகலில் உப்பளத்தில் பதிவு செய்த ஒலிநாடா ஒன்று என் தோள்பையில் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் தவறு. அந்த நோட்டு வெள்ளைக்காரனுடையது அல்ல. இங்கிலீஷ் நோட்டு என்று நம் கச்சேரிகளில் பிரபலமானதை அமைத்தவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945), திருநெல்வேலிச் சீமைக்காரர். பாண்டு வாத்தியத்தின் சாயலில், சங்கராபரணத்தின் ஸ்வரங்களைக் கமகம் இல்லாமல் துள்ளவிட்டு அவர் செய்ததை, மதுரை மணி அய்யர் (1912–1968) மேடைதோறும் பாடிப் பரப்பினார். சபைகளில் ரசிகர்கள் கேட்டு வாங்கிய உருப்படி அது. அங்கிருந்து நாகஸ்வரத்துக்குப் போய், தெருவுக்கு வந்து, இந்தக் கடற்கரையில் ஒரு சாமியின் பாட்டாக ஆகிவிட்டிருந்தது. பெயரில் இருந்த 'இங்கிலீஷ்' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் தீர்ப்பு வழங்கிவிட்டேன். அது எங்களுடையது என்ற பெரியவர்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்கும்போது, அது தனிப்பட்ட அவசரம் மட்டும் அல்ல என்று தோன்றுகிறது. ஒரு பொருளின் மூலத்தைச் சொல்லிவிட்டால் அந்தப் பொருளைப் புரிந்துகொண்டுவிட்டோம் என்கிற மனோபாவம் நம்மிடையே பலமாக இருக்கிறது. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோது, எதிர்த்தவர்கள் கையாண்ட வாதம் என்ன? இது எலியட், இது எஸ்ரா பவுண்டு, இது இறக்குமதிச் சரக்கு என்பது. அந்தப் பண்டிதர்களைக் கேலி செய்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கேலி செய்தவனுக்குள்ளும் அந்தப் பண்டிதர் உட்கார்ந்திருக்கிறார். உப்பளத்துப் பெரியவரிடம் பேசியது அவர்தான். மூலத்தைக் காட்டி உடைமையைப் பறிக்கும் குரல் அது. உன்னுடையது என்று நீ நினைப்பது உன்னுடையது அல்ல என்று சொல்வதில் ஒரு ரகசியமான அதிகார சுகம் இருக்கிறது.

சரி, நிஜமாகவே வெள்ளைக்காரன் மெட்டாக இருந்தால்? அப்படிப்பட்டவையும் நம்மிடம் உண்டு. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் (1775–1835) குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில், கம்பெனிக்கு துபாஷியாக இருந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சில காலம் இருந்தது. ஜார்ஜ் கோட்டைப் பாண்டு வாசித்த மெட்டுகள் அப்போது அவர் காதில் விழுந்தன. தம்பி பாலுஸ்வாமி வயலின் கற்றுக்கொண்டார். தீக்ஷிதர் அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் தெய்வத் துதிகளை எழுதினார். நோட்டு ஸ்வர ஸாஹித்யங்கள் என்று முப்பதுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. 'ஸந்ததம் பாஹிமாம்' என்று தொடங்குவதைப் பாடிப் பார்த்தால், இங்கிலாந்து அரசனைக் கடவுள் காப்பாற்றட்டும் என்கிற அவர்களது ராஜ கீதம் கேட்கும். மெட்டு அதேதான். அரசன் இருந்த இடத்தில் இப்போது தேவி இருக்கிறாள்.

இதற்குக் கடன் உண்டா? அந்த மெட்டின் மூலத்தைத் தேடிப் போனால் வேடிக்கை காத்திருக்கிறது. 1740களின் நடுவில் லண்டனில் அச்சாகி மேடையேறிய அந்தப் பாட்டை யார் அமைத்தார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஜான் புல் என்பார்கள், ஹென்றி கேரி என்பார்கள். நிரூபணம் இல்லை. ப்ரஷ்யா தன் அரசனைப் பாட அதே மெட்டை எடுத்துக்கொண்டது. அரசனே வேண்டாம் என்று பிரிந்த அமெரிக்கர்கள் தங்கள் சுதந்திரத்தைப் பாடவும் அதையே எடுத்தார்கள். சின்னஞ்சிறு லீக்டன்ஸ்டைன் இன்றும் அதைத்தான் தேசிய கீதமாகப் பாடுகிறது. ஆக, ராஜாவின் பாட்டுக்கே தகப்பன் பெயர் தெரியாது. தீக்ஷிதர் யாரிடமிருந்தும் எதையும் குறைத்துவிடவில்லை. கோட்டையில் பாண்டு அதற்குப் பிறகும் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கம்பெனி 1805இல் சென்னை ராஜதானியின் உப்பு முழுவதையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உப்பு வரி ஒழிய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உப்பை எடுத்துக்கொண்டவனின் மெட்டை எடுத்ததற்கு உப்பளத்துக்காரர் பாக்கி செலுத்த வேண்டியதில்லை. பெரியவருக்கு அன்றே தைரியமாக நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் இது.

ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வது சௌகரியமானது. கலை எல்லோருக்கும் பொது, மெட்டு காற்றைப் போல, மூலத்தைக் கேட்பதே அற்பம் என்று உடனே ஒரு சித்தாந்தம் கட்டிவிடலாம். நம் நண்பர்கள் சிலருக்கு இது பிடித்த சித்தாந்தமும்கூட. அதில் எனக்குச் சந்தேகம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

அமைத்தவனின் பெயர் மறைந்து மெட்டு மட்டும் ஜனங்களிடம் தங்கிவிடுவது அழகான விஷயமாக இருக்க முடியும். ஸ்லோவேனியாவில் ஒரு போல்கா மெட்டு உண்டு, 'நா கோலிட்ஸி' என்று. கோலிட்ஸா அங்கே ஒரு மலை. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் 'ட்ரம்பட்டின் எதிரொலி' என்று பொருள்படும் வேறு பெயரில் அது கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் ஒலிக்கிறது. தலைமுறை தலைமுறையாக மலைக் கிராமங்களில் வழங்கிவந்த நாட்டு மெட்டு என்று நினைத்தே பலர் அதற்கு ஆடுகிறார்கள். உண்மையில் அது 1954இல் ஸ்லாவ்கோ அவ்ஸெனிக் என்பவர் அமைத்தது. அண்ணன் வில்கோ வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதினார். ஸ்லாவ்கோ 2015 வரை உயிரோடு இருந்தார். தன் மெட்டு அநாதியானது என்று ஜனங்கள் நம்புவதைத் தன் வாழ்நாளிலேயே பார்த்தவர். நம்மிடம் இதற்கு ஈடு சொல்ல வேண்டுமானால் காவடிச் சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊற்றுமலை ஜமீன்தாரின் ஆதரவில் கழுகுமலை முருகன்மேல் பாடியவை. இளவயதிலேயே இறந்துபோனார். இன்று காவடி எடுத்து ஆடுகிறவனிடம் போய் இது ரெட்டியாருடையது என்றால், எந்த ரெட்டியார் என்பான். அவன் காலுக்கு அது ஆதிகாலத்துச் சந்தம்.

இந்த மறதியால் அவ்ஸெனிக்குக்கு நஷ்டம் இல்லை. பெயரும் புகழும் வருமானமும் அவருக்கு இருந்தன. ரெட்டியாரின் பெயரும் அச்சில் இருக்கிறது, தேடுகிறவனுக்குக் கிடைக்கும். இங்கே பெயர் மறைவது, மெட்டு தன் காரியத்தை நிறைவேற்றிவிட்டதற்கு அடையாளம். இப்படி மறக்கப்படுவதை எந்தக் கலைஞனும் உள்ளுக்குள் விரும்புவான் என்றுகூடச் சொல்லலாம்.

இனி இன்னொரு மறதி. 1939இல் ஜோஹன்னஸ்பர்கில் ஸாலமன் லிண்டா என்ற ஜூலு தொழிலாளி 'ம்பூபே' என்ற பாட்டைத் தன் குழுவோடு பாடிப் பதிவு செய்தார். சிங்கம் என்று பொருள். கையில் கிடைத்தது பத்து ஷில்லிங். அந்த இசைத்தட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. பீட் சீகரின் குழு 1950களின் தொடக்கத்தில் அதைப் பாடியது. ஆப்பிரிக்க நாட்டுப்பாடல் என்றே அங்கே நம்பினார்கள். பதிப்புரிமை, இல்லாத ஒரு மனிதரின் புனைபெயரில் பதிவாயிற்று. 1961இல் புது வார்த்தைகளோடு இன்னொரு குழு பாடி உலகம் முழுதும் ஒலித்தது. பிறகு சிங்கராஜா பற்றிய டிஸ்னி படத்துக்கும் போனது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். அவர் பெண்கள் வழக்குப் போட்டு, 2006இல்தான் சமரசமாகி ஏதோ கிடைத்தது. சீகர் நல்ல மனிதர். விஷயம் தெரிந்ததும் லிண்டாவுக்குப் பணம் அனுப்பினார். அதனால்தான் இந்த உதாரணம் என்னைத் தொந்தரவு செய்கிறது. கெட்ட எண்ணம் எதுவுமில்லாமலேயே இது நடக்க முடியும். 'நாட்டுப்பாடல்' என்ற ஒரு சொல் போதும். யாரோ ஒருவர் பாடிய பாட்டு அந்தச் சொல்லால் யாருமே பாடாத பாட்டாகிவிடுகிறது. யாருமே பாடாத பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே மெட்டு பயணம் செய்வதில் தவறில்லை, பெயர் மறைவதிலும் தவறில்லை. எந்தத் திசையில் பயணம் செய்கிறது, மறைந்த பெயருக்குரியவர் சாப்பிட்டாரா இல்லையா என்பதில்தான் தார்மீகப் பிரச்னை இருக்கிறது. மணலியில் மெட்டு கோட்டையிலிருந்து இறங்கி வந்தது. ஜோஹன்னஸ்பர்கில் தொழிலாளியிடமிருந்து மேலே ஏறிப்போனது. இரண்டையும் கலைப் பரிமாற்றம் என்ற ஒரே வார்த்தையால் குறிப்பது, மழைத்தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதையும் ஏழையின் குடத்திலிருந்து மொண்டுகொள்வதையும் ஒன்றாக்குவது.

நம் சட்டம் இந்த விஷயத்தில் சொல்வதைப் பார்க்கலாம். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இசைப்படைப்பு என்பதற்குக் கொடுத்த இலக்கணத்தின்படி, அது அச்சிடப்பட்டோ எழுதப்பட்டோ வரிவடிவில் இருந்தாக வேண்டும். இந்த நிபந்தனை 1994இல் திருத்தம் வரும்வரை இருந்தது. எழுதத் தெரியாத ஒரு பெண் பாத்தி மிதித்துக்கொண்டே ஒரு மெட்டுக் கட்டினால், சட்டத்தின் கண்ணில் அங்கே இசை எதுவும் நிகழவில்லை. கேட்டு எழுதிக்கொண்டு போனவனின் தாளில்தான் இசை பிறக்கிறது. நாட்டார் கலை வெளிப்பாடுகளைக் காக்க யுனெஸ்கோவும் உலக அறிவுசார் சொத்து நிறுவனமும் 1982இல் மாதிரி விதிகள் செய்தன, பரிந்துரையாக. இங்கே சினிமா மெட்டுகளின் உரிமை பற்றிச் சண்டைகள் நடக்கின்றன. 2017இல் இளையராஜா, எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது பத்திரிகைகள் பல வாரம் அதை விவாதித்தன. இசையமைத்தவருக்கு உரியது அவருக்குச் சேர வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த விவாதங்களில் தயாரிப்பாளர், இசையமைப்பாளர், கவிஞர், பாடகர், கம்பெனி என்று எல்லோரும் பேசப்பட்டார்கள். தெம்மாங்கையும் தாலாட்டையும் சினிமாவுக்கு முன்பே பாடிவைத்தவர்கள் ஒரு கட்சியாகக்கூட அங்கே இருக்கவில்லை.

இந்தக் கடற்கரைக்கு இது புதிதும் அல்ல. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பாடியவர் பெயர் நமக்குத் தெரியும்: இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. பரிசு கொடுத்தவன் பெயரும் தெரியும்: ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். சீறியாழைத் தூக்கிக்கொண்டு பசியோடு இந்த வழியே நடந்த பாணனுக்குப் பெயர் இல்லை. அவன் வாசித்ததும் நமக்குக் கேட்காது. பாட்டின் தலைப்பில் அவன் ஜாதி இருக்கிறது, அவன் இல்லை.

இப்போது அந்த ஒலிநாடா. மாசி மகத்தன்று பகலில், உப்பளத்தில், நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எனக்காக ஒரு பாட்டுப் பாடினார். பாத்தியின் தரையை இறுக்கக் காலால் மிதிக்கும்போது பாடுவது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று குதிகால் வெடித்திருந்தது. பாடி முடித்துவிட்டு, "எங்க ஆத்தா பாடுனது. கடசி ரெண்டு அடி நான் போட்டது" என்றார். அந்தக் கடைசி இரண்டு அடியில் மெட்டும் சற்றுத் திரும்பும், கீழே இறங்கி நிற்கும். விஷயம், கூடைக் கணக்கில் மேஸ்திரி செய்யும் குறைவு. ஊருக்குத் திரும்பி நான் அதை எழுதி ஒரு பத்திரிகைக்குக் கொடுத்தேன். 'மரக்காணம் நாட்டுப்பாடல்' என்று தலைப்பு. கீழே, சேகரித்தவர் என்று என் பெயர். கடைசி இரண்டு அடியை வெட்டிவிட்டேன். மூலப்பாட்டில் இல்லாதது, சமீபத்தில் சேர்ந்த இடைச்செருகல், கூலிக் கணக்கெல்லாம் வந்து பாட்டின் தொன்மையைக் கெடுக்கிறது என்று அன்று எனக்குத் தோன்றியது. அவர் தன்னுடையது என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே பகுதியை, மூலத்தின் பெயரால், நான் நீக்கினேன். யாருடையது என்று அவர் சொல்லாத பகுதிக்குக் கீழே என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

அவர் பெயரை நான் கேட்கவில்லை. இதை எழுதும்போது உறைக்கிறது. ரிக்கார்டர் இருந்தது, நோட்டுப்புத்தகம் இருந்தது, பாட்டின் சூழல், பாடும் நேரம், தாளம் எல்லாம் குறித்திருந்தேன். பெயர் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நாட்டுப்பாடலுக்கு எதற்குப் பெயர்? பெரியவரிடம் முன்பின் தெரியாத வெள்ளைக்காரனுக்காக உரிமை பேசிய நான், அன்று பகலில் எதிரே நின்ற ஒருவருக்கு அதைப் பேசவில்லை.

சில வருஷம் கழித்துப் போனேன். உப்பளங்கள் இருந்தன. அந்தப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்தவர் மாறிவிட்டிருந்தார். வேலைக்கு வருகிறவர்களும் மாறியிருந்தார்கள். எந்தப் பெண் என்று எப்படிச் சொல்லிக் கேட்பது? பாட்டைச் சொல்லி விசாரித்தேன். அந்தப் பாட்டு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேர் பாடியும் காட்டினார்கள். ஒருவர் பாடியதில் கடைசி இரண்டு அடி இருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். "யார் போட்டா என்ன, பழைய பாட்டு சார்" என்றார். ஒரு கணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அவ்ஸெனிக்கின் மெட்டைப் போல, சிந்தைப் போல, இதுவும் ஜனங்களுடையதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஆறுதலுக்கு எனக்குப் பாத்தியதை இல்லை. பக்கத்துப் பாத்தியில் நிற்பவர்கள் அவர் பெயரை மறக்கலாம். அவர்கள் பாட்டைக் காலில் வைத்திருக்கிறார்கள், அடியை வெட்டவில்லை, கீழே தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவும் இல்லை. என் மறதி அந்த ரகத்தைச் சேர்ந்தது அல்ல.

கடல் யாருக்கும் சொந்தமில்லை என்பது உண்மை. ஆனால் கடலிலிருந்து உப்பு தானாக வந்துவிடுவதில்லை. தரையை மிதிக்க வேண்டும், தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிவிட வேண்டும், வெயிலில் நின்று வார வேண்டும், கூடையில் சுமந்து குவிக்க வேண்டும், மழைக்கு முன் கீற்று போட்டு மூட வேண்டும். மெட்டு பொதுவானது என்று நாம் சொல்லும்போது கடலைப் பற்றிப் பேசுகிறோம். கையில் எடுத்துக்கொள்வதோ உப்பை.

பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அந்த நோட்டுக்காக நீங்கள் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்க வேண்டியவன் உங்கள் பக்கத்தில் நடந்து வந்தான், பை அவன் தோளில் இருந்தது.

அந்தப் பத்திரிகை நின்று நெடுங்காலமாகிறது, அங்கே திருத்தம் போட வழியில்லை. இங்கே போட்டுக்கொள்கிறேன்: 'மரக்காணம் நாட்டுப்பாடல்' என்று என் பெயரோடு வந்த பாட்டு முழுமையானது அல்ல. அதற்கு மேலும் இரண்டு அடி உண்டு. அவற்றை மெட்டோடு அமைத்தவர், பாட்டை எனக்குப் பாடிக் காட்டிய பெண். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும்.